விஆர் கண்ணாடிப் பயிற்சி: அவதார் குட்டையாகிவிடுகிறது, யாராவது உதவுங்கள்

வணக்கம். உடல் தோற்றக் கவலைக்கு விஆர் (மெய்நிகர் காட்சி) வழியாகத் தொலைவிலிருந்து கண்ணாடிப் பயிற்சி (கண்ணாடியில் தெரியும் உடலைப் பழிக்காமல் உள்ளபடி விவரிக்கும் பயிற்சி) தருபவர்கள் கோலாலம்பூர், பினாங்கில் இருந்தால் கொஞ்சம் கை கொடுங்கள்.

சிகிச்சையாளர் பிரிக்பீல்ட்ஸில், பயனர் பட்டர்வொர்த் அடுக்குமாடியில். சாதனம் குவெஸ்ட் 2 (தலையில் மாட்டும் விஆர் கருவி). தரை மட்டம் நிஜத் தரைக்கு மேலே பதிவாகிவிட்டால் கண் உயரம் குறைவாகக் கணக்காகிறது. எங்கள் மென்பொருளில் அவதாரின் (விஆர் கண்ணாடியில் பயனரின் உடலாகத் தெரியும் உருவம்) உயரம் மட்டும் சுருங்கும், அகலம் அப்படியே நிற்கும். பருமனைப் பார்த்துக் கலங்குகிறவருக்கு இது வேண்டவே வேண்டாம்! கையில் பிடிக்கும் கன்ட்ரோலரைத் தரையில் வைத்து மட்டத்தைத் திரும்பக் குறிக்கச் சொல்கிறோம். நின்றபடி செய்தால் சரி. நாற்காலியில் உட்கார்ந்ததும் மறுபடி அதே கோளாறு. உட்கார்ந்தே செய்ய வழி உண்டா?

இன்னொன்று: பயனர் காண்பதைச் சிகிச்சையாளரும் பார்க்கத் திரையைப் பகிர்ந்தால் சாதனத்தில் சுமை ஏறி, அவதாரின் கை தாமதமாக அசைகிறது. "இது என் உடம்பு" என்ற உணர்வு அங்கேயே அறுந்துவிடும். பகிர்வை நிறுத்திவிட்டு, 2 நிமிடத்துக்கு ஒருமுறை பதற்றத்தை 0 முதல் 100க்குள் வாயால் சொல்லச் சொல்கிறோம். வேறு எப்படிக் கண்காணிக்கிறீர்கள்?

"அசிங்கமா இருக்கு" என்பதை "வயிறு இடுப்புப்பட்டைக்கு மேலே மடிகிறது" என்று மாற்றிச் சொல்லவைக்கும் தமிழ்க் குரல்பதிவு இருந்தாலும் பகிருங்கள்.