‘அன்டிசிப்பேஷன்’: எதிர்பார்ப்பா, பதுங்கலா, உன்னலா?

எல்லோருக்கும் வணக்கம்.

நம் மடற்குழுவின் அசைவூட்டக் (அனிமேஷன்) கலைச்சொல் பட்டியலில் ‘அன்டிசிப்பேஷன்’ என்பதற்கு ‘எதிர்பார்ப்பு’ என்று போட்டு முடித்துவிட்டோம். நானும் அப்போது ஓம் என்றுதான் எழுதினேன். இப்போது அந்த ஓமைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். காரணம் ஓர் ஆடு.

யாழ்ப்பாணத்தில் விடுமுறை நாட்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு, அசைவூட்டப் படம் செய்கிற மென்பொருளான பிளெண்டர் படிப்பிக்கிறேன். எல்லோரும் சேர்ந்து இரண்டு நிமிடச் சிரிப்புப் படம் ஒன்று செய்தோம். கிடுகு வேலிக்கு அப்பால் முருங்கை. இப்பால் ஒரு மறியாடு. பாய்கிறது, வேலியில் சிக்குகிறது, திரும்பப் பாய்கிறது. கதை அவ்வளவுதான்.

பாய்கிற காட்சியைச் செய்த பிள்ளையிடம், “ஆடு பாயமுதல் கொஞ்சம் எதிர்பார்ப்பு வையம்மா” என்றேன். அடுத்த நாள் கொண்டுவந்து காட்டினாள். ஆட்டின் காது விறைத்து நிற்கிறது, கண் அகல விரிந்திருக்கிறது, நாக்கு உதட்டைத் தடவுகிறது. முருங்கையிலையை அவ்வளவு ஆசையாக எதிர்பார்க்கிறது! பிறகு நான்கு காலும் நேராக நின்றபடியே, யாரோ முதுகில் கயிறு கட்டித் தூக்கியது போல மேலே போகிறது. அவளிடம் பிழையே இல்லை. நான் சொன்ன சொல்லுக்கு அவள் அச்சொட்டாகச் செய்திருக்கிறாள்.

அன்டிசிப்பேஷன் என்பது முகபாவம் அல்லவே. டிஸ்னியின் மூத்த அசைவூட்டக் கலைஞர்கள் பிராங்க் தோமஸும் ஒல்லி ஜோன்ஸ்டனும் 1981இல் எழுதிய நூலில் விளக்கிய 12 கோட்பாடுகளில் இதுவும் ஒன்று. பெரிய அசைவுக்கு முன்னால் உடம்பு எதிர்த்திசையில் செய்கிற சின்ன அசைவு. மேலே பாயக் கீழே குனிவது, முன்னால் எறியக் கையைப் பின்னால் கொண்டுபோவது. டொம் அன்ட் ஜெரியில் பூனை ஓடுவதற்கு முன் உடம்பை முழுக்கப் பின்னுக்கு இழுத்து ஒரு காலைத் தூக்கி நிற்குமே, அதேதான். பார்க்கிறவனின் கண்ணை முன்கூட்டியே அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வரத்தான் இந்த ஏற்பாடு.

சரி, புலி பதுங்குவது பாய்ச்சலுக்குத்தானே என்று நினைத்து அடுத்த பெடியனிடம் “பதுங்க வை” என்றேன். அவன் ஆட்டைக் கொண்டுபோய் ஓலைக் குவியலுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டான். அதுவும் நியாயம்தான். புலி சேர்ந்து வந்தால்தான் பதுங்கலில் பாய்ச்சல் இருக்கும். தனியே நின்றால் அது ஒளிதல்.

இந்தச் சொல்லில் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. என் வயதுக்காரருக்கு ‘பதுங்கு’ என்றவுடன் குழிதான் நினைவுக்கு வரும். பனங்குற்றி, மண்மூட்டை, மேலே இரைச்சல். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். இருந்தாலும் சிரிப்புப் படம் செய்யப் பழகும் பிள்ளையிடம் நாளுக்குப் பத்துத் தடவை இந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் சொல் தந்தது வகுப்பிலேயே மிகச் சின்னவன். கயிறு கட்டித் தூக்கிய ஆட்டைப் பார்த்துவிட்டு, “சேர், உன்னாமல் எப்படிப் பாயிறது?” என்று கேட்டான்.

உன்னல். உன்னிப் பாய்கிறோம், உன்னி எட்டிக் கொப்பைப் பிடிக்கிறோம். வினையாகவே வீட்டில் கிடக்கிற சொல். “இன்னும் கொஞ்சம் உன்ன விடு”, “உன்னினது காணாது” என்று வகுப்பில் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ‘எதிர்பார்ப்பு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கட்டளை சொல்லிப் பாருங்கள்.

‘உன்னல்’ என்று நான் முன்பு சொன்னதற்கு முந்தைய மடல்களில் வந்த மறுப்புகளுக்கு வருகிறேன். ‘உந்தல்’ ஏன் கூடாது என்று கேட்டிருந்தார்கள். பௌதிகப் புத்தகத்தில் ‘உந்தம்’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. தவிர, உந்துவது பாய்ச்சலின் தொடக்கம். நமக்கு வேண்டியது அதற்கும் முந்தியது. ‘ஓங்கல்’ எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் அது கையோடு நின்றுவிடுகிறது. ஓங்கி அடிக்கலாம், ஓங்கிப் பாயமுடியாது. ‘முன்னசைவு’ பிழையில்லை, பட்டியலில் அழகாக இருக்கும். வாயில்தான் வராது.

உன்னுதல் என்றால் நினைத்தல் அல்லவா என்று புலவர் ஐயா எழுதியிருந்தார். உண்மைதான் ஐயா, பாட்டில் அந்தப் பொருள் உண்டு. பேச்சில் இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் குழப்பம் வராது. வந்தாலும் எனக்குச் சந்தோஷமே. உடம்பு குனிகிற அந்தக் கணத்தில்தான் பாத்திரம் ஏதோ நினைக்கிறது என்று பார்க்கிறவருக்குப் படும். முக்கி உன்னுவது ஞாபகம் வருகிறது என்று ஒருவர் கிண்டலடித்திருந்தார். சிரிப்புப் படத்துக்கு அது ஒரு குறையா?

இனி ‘எதிர்பார்ப்பு’. அதை எறிய வேண்டாம், அதற்கும் வேலை இருக்கிறது. 2008இல் பிளெண்டர் அமைப்பு வெளியிட்ட ‘பிக் பக் பன்னி’யைப் பார்த்திருப்பீர்கள். பத்து நிமிடம், வசனமே இல்லை, பருத்த முயலும் மூன்று குறும்புக்காரக் கொறிணிகளும். (படமாகப் பார்க்காதவர்கள்கூட எங்காவது வீடியோ ஓடுகிறதா என்று சோதிக்கும்போது பார்த்திருப்பார்கள், அதற்கே அது பெயர் பெற்றுவிட்டது.) முயல் பழிவாங்கப் பொறி செய்துகொண்டிருக்கும் பகுதியில் யாரும் எதற்கும் உன்னவில்லை. ஆனால் இவர்கள் வாங்கிக்கட்டப் போகிறார்கள் என்று நாம் காத்திருக்கிறோம். அது எதிர்பார்ப்பு, நம்மிடம் இருப்பது. உன்னல் பாத்திரத்தின் உடம்பில் இருப்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறார்கள். நமக்கு இரண்டு சொல் கிடைத்திருக்கும்போது ஏன் ஒன்றாக்க வேண்டும்? அந்தப் படத்தின் மூலக் கோப்புகளும் திறந்தே கிடக்கின்றன. ஐயம் உள்ளவர்கள் இறக்கிச் சட்டகம் (பிரேம்) சட்டகமாகத் தள்ளிப் பார்க்கலாம்.

எங்கள் ஆட்டுக்கு வருகிறேன். விநாடிக்கு 24 சட்டகம். முதலில் உன்னலுக்கு 3 சட்டகம் கொடுத்தோம், யார் கண்ணிலும் படவில்லை. 6 கொடுத்தோம், கால் விநாடி, பாய்ச்சலுக்குப் பலம் வந்தது. 12 ஆக்கியபோது ஆட்டின் பின்பக்கம் மட்டும் உயர்ந்து, தாடி மண்ணில் முட்டி, ஒரு பிடிவாதம் தெரிந்தது. முதல் பாய்ச்சலுக்கு 6, இரண்டாவதற்கு 12 என்று வைத்தோம். மூன்றாம் தடவை இரண்டு முழு விநாடி உன்னுகிறது. வால் மட்டும் ஆடுகிறது. பிறகு சும்மா நிமிர்ந்து, நடந்துபோய், திறந்து கிடந்த படலையால் உள்ளே போகிறது.

ஊர்ச் சனசமூக நிலையத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டுக் காட்டினோம். வேலியில் சிக்கும்போது சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தோம், அங்கே ஒரு சின்ன முணுமுணுப்புத்தான். மூன்றாவது உன்னல் தொடங்கியதும் முன்வரிசைப் பிள்ளைகள் தாங்களும் குனிந்துவிட்டார்கள். ஆடு படலைப் பக்கம் திரும்பியபோது கூடம் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பை விளக்க எனக்கு இரண்டு சொல்லும் வேண்டியிருந்தது. நீண்ட உன்னல் பெரிய எதிர்பார்ப்பைக் கட்டியது, ஆடு அதை உடைத்துவிட்டு நடந்தது. பின்வரிசையில் இருந்த அப்பு ஒருவருக்கு மட்டும் திருப்தியில்லை. “இப்ப எங்கையடா கிடுகு வேலி, எல்லாம் மதில்தானே” என்றார். அவர் சொன்னதும் சரிதான். அடுத்த படத்தில் மதில் வரும்.

ஆகவே முன்மொழிவு: அன்டிசிப்பேஷனுக்கு உன்னல். பார்வையாளர் மனநிலைக்கு எதிர்பார்ப்பு. வினை, உன்னு. பொய்க்கு உன்னிவிட்டுப் பாயாமல் விடுவதற்கும், எங்கள் ஆடு செய்தது போல, ஒரு சொல் வேண்டும். வகுப்பில் பிள்ளைகள் ‘கள்ள உன்னல்’ என்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, பட்டியலில் போடலாமா என்றுதான் தெரியவில்லை. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எழுதுங்கள், அன்றைக்குத்தான் அடுத்த வகுப்பு.