புது 8ஜிபி ரேம் என் கணினியில் டிஸ்ப்ளே வரவில்லை, இன்னொரு கணினியில் ஓடுகிறது: போர்டு போய்விட்டதா?

பக்கவடிவு (கேள்வி):

வணக்கம். கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். என் கணினி 2014 கடைசியில் வாங்கியது. இன்டெல் ஐ5 4460, எச்81 போர்டு, இரண்டே ரேம் ஸ்லாட். அதில் ஒன்றில் 4ஜிபி டிடிஆர்3 இருக்கிறது. மூன்று வருடம் முன்பு எஸ்எஸ்டி மாற்றினேன். அதற்கப்புறம் ரேம் போதவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

இப்போது கையில் இருக்கும் வேலை ஒரு கோயில் வரலாற்று நூல். பழைய பதிப்பை 600 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஏ4 பக்கம் ஒன்றைத் திறந்தாலே 100 எம்பிக்கு மேல் பிடிக்கிறது. நாலைந்து பக்கத்தைத் திறந்து, கூடவே பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருளையும் வைத்துக்கொண்டால் மவுஸ் நகரவே மறுக்கிறது. அதனால் இணையத்தில் 8ஜிபி ரேம் ஒன்று வாங்கினேன். டிடிஆர்3, 1600, 1.5 வோல்ட். "எல்லா டெஸ்க்டாப்புக்கும் பொருந்தும்" என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தது. மற்ற இடங்களில் சொன்ன விலையில் பாதிதான்.

பழைய ரேமோடு சேர்த்துப் போட்டேன். ஃபேன் சுற்றியது, ஐந்தாறு நொடியில் நின்றது, தானாகவே மறுபடி சுற்றியது, மறுபடி நின்றது. டிஸ்ப்ளே வரவே இல்லை. புதியதை மட்டும் தனியாகப் போட்டாலும் இப்படித்தான். ஸ்லாட் மாற்றிப் பார்த்தேன், அப்போதும் இப்படித்தான். அழி ரப்பரால் தேய்த்துப் பார்த்தேன். போர்டின் அமைப்புகளை நினைவில் வைக்கிற சிமாஸ் பேட்டரியைக் கழற்றி கால் மணி நேரம் கழித்துப் போட்டேன். பழைய 4ஜிபி மட்டும் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஒழுங்காக ஓடுகிறது.

தம்பியின் நண்பர் வீட்டில் ஏஎம்டி எஃப்எக்ஸ் 6300 கணினி இருக்கிறது. அதில் போட்டோம். முதல் தடவையே ஓடியது, முழு 8ஜிபியும் காட்டியது. விற்றவர் இதைப் பிடித்துக்கொண்டு, "ரேம் நல்ல ரேம், உங்கள் போர்டில்தான் கோளாறு" என்கிறார். பக்கத்துக் கடையில் பார்த்தவரும் போர்டை மாற்றச் சொல்லி 3,500 ரூபாய் கேட்கிறார். ரேமைத் திருப்பி அனுப்ப இன்னும் நாலு நாள்தான் அவகாசம். போர்டு போயிருந்தால் பழைய ரேம் மட்டும் எப்படி இரண்டு ஸ்லாட்டிலும் ஓடும்? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரோட்டுக்காரன்:

சகோ, முதலில் பயாஸை, அதாவது போர்டைத் தொடக்கிவைக்கிற மென்பொருளை, அப்டேட் செய்து பாருங்கள். பழைய எச்81 போர்டுகளில் புது ரேமை எடுக்காமல் போவது உண்டு. அடுத்தது வோல்டேஜ். 1.35 வோல்ட் மட்டுமே ஏற்கிற போர்டாக இருந்தால் 1.5 வோல்ட் ரேம் ஒத்துவராது. என் லேப்டாப்பில் அப்படி ஆனது.

நெல்லை சர்வீஸ்:

வோல்டேஜ் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அது லேப்டாப்பில் வருகிற சங்கதி. நாலாம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப்பில் 1.5 வோல்ட் டிடிஆர்3 சாதாரணமாக ஓடும். 1600 வேகமும் ஐ5 4460க்கு உரியதே. பயாஸ் அப்டேட்டை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஓடுகிற போர்டில் அப்டேட் நடுவே கரண்ட் போனால் போர்டுக்கே ஆபத்து.

சகோதரி, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. பழைய ரேம் இரண்டு ஸ்லாட்டிலும் ஓடுகிறது என்றால் ஸ்லாட் நல்லது, போர்டு நல்லது, பிராசஸருக்குள் இருந்து ரேமை இயக்குகிற மெமரி கன்ட்ரோலரும் நல்லது. புது ரேம் ஏஎம்டியில் ஓடுகிறது என்றால் ரேமும் நல்லது. இரண்டும் நல்லதாக இருந்தும் சேரவில்லை. ஏஎம்டியில் ஓடி இன்டெல்லில் ஓடாத மலிவான 8ஜிபி டிடிஆர்3 என்றதுமே எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அதிலுள்ள சிப்புகள் 4 பிட் சிப்புகளாக இருக்கும்.

விளக்கிச் சொல்கிறேன். டிடிஆர்3 ரேம் ஒரே நேரத்தில் 64 பிட் தகவலைக் கொடுக்க வேண்டும். வழக்கமான ரேமில் ஒவ்வொரு சிப்பும் 8 பிட் கொடுக்கும். ஆக எட்டு சிப் சேர்ந்தால் 64. அந்த எட்டுக்கு ஒரு ரேங்க் என்று பெயர். 8ஜிபி ரேமில் முன்பக்கம் எட்டு, பின்பக்கம் எட்டு என இரண்டு ரேங்க் இருக்கும். ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்8 என்று போட்டிருப்பது இதைத்தான். 4 பிட் சிப் போட்ட ரேமில் பதினாறு சிப்பும் சேர்ந்தால்தான் 64 வரும். மொத்தமும் ஒரே ரேங்க், 1ஆர்எக்ஸ்4. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் பதினாறு கறுப்புக் கட்டைகள், இரண்டுக்கும் 240 பின், நடுவில் உள்ள வெட்டும் ஒரே இடத்தில். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும்.

வேறுபாடு உள்ளே இருக்கிறது. 8 பிட் சிப்பில் நெடுவரிசை முகவரிக்கு 10 பிட் போதும். அதே கொள்ளளவுள்ள 4 பிட் சிப்புக்கு 11 பிட் வேண்டும். உங்கள் பிராசஸர் வந்த காலத்து இன்டெல் டெஸ்க்டாப் கன்ட்ரோலர்கள் 8 பிட், 16 பிட் சிப்புகளுக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டவை. 4 பிட் சிப்பை அவற்றுக்கு எப்படிக் கையாள்வது என்றே தெரியாது. தொடங்கிப் பார்க்கும், தோற்கும், மறுபடி தொடங்கும். ஃபேன் நின்று நின்று சுற்றியது அதனால்தான். அந்தக் காலத்து ஏஎம்டி கன்ட்ரோலருக்கு அது தெரியும். 4 பிட் சிப்பு தரக்குறைவானது இல்லை. சர்வர் ரேமில் அதைத்தான் நிறையப் போடுவார்கள். அதை எடுத்துச் சாதாரண டெஸ்க்டாப் பலகையில் பதித்து, ஏஎம்டிக்கு மட்டும் என்று சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

சந்தேகத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள், உறுதி செய்துகொண்டு போங்கள். ரேமை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் ஃபோன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் எழுத்து தெரியாது. கேமராவைப் பெரிதாக்கி சிப்பின் மேல் உள்ள குறியீட்டைப் படியுங்கள். சாம்சங் சிப்பாக இருந்தால் கே4பி4ஜி என்று தொடங்கும். அதற்கடுத்த இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 08 என்றால் 8 பிட். 04 என்றால் 4 பிட். ஹைனிக்ஸ் என்றால் எச்5டிக்யூ4ஜி, அதற்கடுத்து 8 அல்லது 4. லினக்ஸ் தெரிந்தவர் யாராவது இருந்தால், அந்த ஏஎம்டி கணினியில் டிகோட் டிம்ஸ் கட்டளை போட்டால் ரேங்க் எத்தனை, சிப்பின் அகலம் எவ்வளவு என்று எழுத்தில் வந்துவிடும். ஆனால் மலிவான ரேமில் அந்தப் பதிவே தப்பாக இருக்கலாம். கண்ணால் படிப்பதுதான் என் வழக்கம்.

பக்கவடிவு:

அண்ணாச்சி, மிக்க நன்றி. இன்று காலை படித்தேன். மொட்டை மாடி வெயிலில் வைத்தும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் சொன்னபடி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்ததும் எழுத்து சாம்பல் நிறத்தில் மெல்ல எழும்பி வந்தது. கே4பி4ஜி0446. பதினாறு சிப்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எல்லாம் அதேதான். பழைய 4ஜிபியைக் கழற்றிப் பார்த்தால் அதில் எட்டே சிப், கே4பி4ஜி0846. ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம்!

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, விற்பனைப் பக்கத்தில் "எல்லா டெஸ்க்டாப்புக்கும்" என்று இருந்த வரியையும் படம் பிடித்து அனுப்பிவிட்டேன். இதுவரை "போர்டைப் பாருங்கள்" என்றே பதில் போட்டவர்கள், இதற்கு மட்டும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தது என்ன வாங்கட்டும்? இன்னொரு தடவை ஏமாறக் கூடாது.

நெல்லை சர்வீஸ்:

நல்ல வேலை செய்தீர்கள். பணம் வந்து சேரும் வரை அந்தப் படங்களை அழிக்காதீர்கள். தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குச் சொல்லலாம்.

டிடிஆர்3 புதியதாகவே வாங்க வேண்டும் என்பதில்லை. அலுவலகக் கணினிகளிலிருந்து கழற்றிய கம்பெனி ரேம் நன்றாக உழைக்கும். நேரில் வாங்குங்கள். ஸ்டிக்கரில் மூன்று விஷயம் பாருங்கள். 2ஆர்எக்ஸ்8 இருக்க வேண்டும். பிசி3 அல்லது பிசி3எல் இருக்கலாம், எல் என்றால் 1.35 வோல்ட், உங்கள் பிராசஸருக்கு அதுவும் சரி. அடுத்து 1600 வேகத்தைக் குறிக்கிற 12800 என்ற எண்ணுக்குப் பிறகு வருகிற எழுத்து யு ஆக இருக்க வேண்டும். ஆர் என்றால் சர்வர் ரேம், ஓடாது. எஸ் என்றால் லேப்டாப் ரேம், ஸ்லாட்டிலேயே நுழையாது. ஒரே பலகையில் 16ஜிபி என்று யாராவது கொடுத்தாலும் வேண்டாம். உங்கள் போர்டில் ஒரு ஸ்லாட்டுக்கு 8தான் உச்சம்.

பழைய 4ஜிபியை எறிய வேண்டியதில்லை. பழைய 4ஜிபியும் புதியதில் 4ஜிபியும் ஜோடி சேர்ந்து இரட்டைச் சேனலில் வேகமாக ஓடும், புதியதில் மீதி 4 ஒற்றைச் சேனலில் ஓடும். போட்டவுடன் வேலையைத் தொடங்காமல் ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். பிழையைக் காட்டும் சிவப்பு வரி ஒன்று வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். ஒன்று இரண்டு பிழைதானே என்று விட்டால், ஸ்கேன் செய்த பக்கத்தைச் சேமிக்கும்போது கோப்பு கெடும். கெட்டது உங்களுக்கு அச்சுக்குப் போகும்போதுதான் தெரியும்.

இன்னொன்று. ரேமைக் கழற்றும்போது கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திவிடுங்கள், மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். அழி ரப்பரை எல்லாரும் தேய்க்கிறார்கள், நானும் அவசரத்துக்குத் தேய்த்ததுண்டு. ஆனால் அதன் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுத் தொல்லை. ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பதே நல்லது.

தாம்பரம்_88:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ரேம் பிரச்சினைதான், ஆனால் டிடிஆர்4. 3200 வேக 8ஜிபி இரண்டு இருந்தது. ஒரு வருடம் கழித்து அதே பெயர், அதே வேகத்தில் இன்னும் இரண்டு வாங்கிப் போட்டேன். டிஸ்ப்ளே வருகிறது, 32ஜிபியும் காட்டுகிறது. ஆனால் நாளைக்கு இரண்டு தடவை நீலத் திரை, மெமரி மேனேஜ்மென்ட் என்று. எனக்கும் சிப் பிரச்சினையா?

நெல்லை சர்வீஸ்:

உங்களுடையது வேறு வியாதி. டிஸ்ப்ளேயே வராமல் இருப்பது பொருத்தமின்மை. வந்து, ஓடி, நடுவில் விழுவது பெரும்பாலும் வேகத்தின் சுமை. 3200 என்பது எக்ஸ்எம்பி (ரேமைச் சாதாரண வேகத்துக்கு மேல் ஓட்டுகிற பயாஸ் அமைப்பு) போட்டு 1.35 வோல்ட்டில் ஓடுகிற வேகமாக இருக்கும். இரண்டு ரேமை அந்த வேகத்தில் இழுக்கிற கன்ட்ரோலர் நாலு ரேமை இழுக்காமல் போகலாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு வருட இடைவெளியில் உள்ளே இருக்கிற சிப் மாறியிருக்கவும் கூடும்.

பயாஸில் எக்ஸ்எம்பியை நிறுத்திவிட்டு இரண்டு நாள் பாருங்கள். நீலத் திரை வரவில்லை என்றால் காரணம் வேகம்தான். அப்புறம் 2666 வைத்து, மெம்டெஸ்ட் சுத்தமாக வந்தால் 2933க்கு ஏற்றிப் பாருங்கள். நிறுத்திய பிறகும் விழுந்தால் இரண்டு ஜோடியையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஜோடியாகப் போடும்போது பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட். பெரும்பாலான போர்டில் அதுதான் முறை.

தாம்பரம்_88:

2666இல் வைத்து மூன்று நாளாகிறது. ஒரு தடவைகூட விழவில்லை. நன்றி அண்ணா.

பக்கவடிவு:

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூர் போயிருந்தபோது ஒரு பழைய கணினிக் கடையில் அலுவலக ரேம் கிடைத்தது. கடைக்காரர் ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து 8ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800யு என்று இருந்ததை எடுத்தேன். ஓடாவிட்டால் மாற்றித் தருவதாக ரசீதின் பின்னால் எழுதியும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து போட்டதும் டிஸ்ப்ளே வந்துவிட்டது. பயாஸில் 12288 எம்பி என்று பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ராத்திரி ஒன்பதரைக்கு மெம்டெஸ்ட் போட்டேன். ஒரு மணிக்குக் கரண்ட் போய், வந்ததும் முதலிலிருந்து ஓட விட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் மூன்று சுற்று முடிந்து நாலாவது ஓடிக்கொண்டிருந்தது. பிழை 0.

முதல் ரேமுக்கான பணமும் நேற்று வந்துவிட்டது. போர்டை மாற்றச் சொன்ன கடைக்காரரிடம் போய் இரண்டு சிப்பின் படத்தையும் காட்டினேன். கோபப்படாமல் நின்று பார்த்தார். இதே மாதிரி இன்னொருவர் கொண்டுவந்த ரேம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி மேசை டிராயரிலிருந்து எடுத்தார். இரண்டு பேரும் டார்ச் அடித்துப் பார்த்தோம். அதிலும் 04தான். அந்த வாடிக்கையாளருக்கு அப்போதே ஃபோன் போட்டார்.