புதுப்பிப்பு: ரீபூட் இல்லாமலே பிஎம்சியின் ஐபி மாறிவிட்டது

ரவுட்டர் மாற்றியபின் எங்கள் உவர்மலை அலுவலக சேர்வரின் பிஎம்சிக்குள் (சேர்வரைத் தொலைவிலிருந்து கண்காணிக்கவும் இயக்கவும் உதவும் தனி மேலாண்மைச் சிப்) போக முடியவில்லை, மெஷினை நிறுத்தாமல் லினக்ஸிலிருந்தே அதன் ஐபியை மாற்றலாமா என்று கேட்டிருந்தேன். மாற்றலாம்.

பிஎம்சியோடு பேசும் கட்டளைக் கருவியான ஐபிஎம்ஐடூல் முதலில் சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்றது. ஐபிஎம்ஐக்கான (பிஎம்சியோடு பேசுவதற்கான பொதுத் தரநிலை) இரண்டு கெர்னல் மொடியூல்களை, அதாவது லினக்ஸ் டிரைவர்களை, மொட்பிரோப் கட்டளை மூலம் ஏற்றியதும் அது சரியானது. அப்புறம் நெட்வேர்க் அமைப்பைக் காட்டும் 'லான் பிரிண்ட் 1' கொடுத்தால், சனல் (பிஎம்சியின் தொடர்பு வழி) 1 லான் சனலே இல்லையாம். வழிகாட்டிகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 1 என்றே எழுதுகின்றன. எங்கள் போர்டில் அது 8. மற்ற எண்களையும் பார்க்கச் சொன்னவருக்குப் பெரிய நன்றி.

வரிசை முக்கியம். முதலில் ஐபியை நாமே நிலையாகக் கொடுக்கும் முறைக்கு மாற்றும் 'ஐபிஎஸ்ஆர்சி ஸ்டாட்டிக்', பிறகுதான் ஐபி, நெட்மாஸ்க், கேட்வே. டிஎச்சிபியில் (ஐபியைத் தானாகப் பெறும் முறை) இருக்கும்போது சில பிஎம்சிகள் புது ஐபியை ஏற்காது.

அதன்பிறகும் பிங் வரவில்லை. 'எம்சி ரீசெட் கோல்ட்' கொடுத்தேன். சேர்வர் அணையுமோ என்று பயந்தவர்களுக்கு: அணையாது, மேலாண்மைச் சிப் மட்டுமே மீண்டும் தொடங்கும். பில்லிங் ஓடிக்கொண்டே இருந்தது.

வெளியிலிருந்து பிஎம்சியை அடைய, ரவுட்டரில் ஐபிஎம்ஐ பயன்படுத்தும் யூடிபி 623 போர்ட்டைத் திறந்துவிடச் சொன்ன யோசனையை மட்டும் எடுக்கவில்லை. ஐபிஎம்ஐ 2.0இல் பயனர் பெயர் தெரிந்தால் போதும், உள்நுழையாமலே பாஸ்வேர்ட் ஹாஷை (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட குறியீடு) எவரும் கேட்டு வாங்கிவிடலாம். ஆகவே விபிஎன் வழியாக மட்டும்.

சேர்வரின் எழுத்துத் திரையை நெட்வேர்க் வழியே காட்டவேண்டிய சீரியல் ஓவர் லான் இன்னும் வெறும் கறுப்புத் திரைதான். அந்தச் சீரியல் இணைப்பில் தரவு போகும் வேகத்தை (போட் ரேட்) 115200க்கு மாற்றிப் பார்க்கப்போகிறேன்.