சௌரஸ்தா மாடியில் கிடைத்த கிலா-கிலா

எண்பதுகளில் பினாங்கில் தமிழ்ப்பள்ளி முடித்துப் மலாய் இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் போய் உட்கார்ந்தவர்களுக்குக் கிலா-கிலா என்ற மலாய் நகைச்சுவை இதழ் கட்டாயம் நினைவிருக்கும். எனக்கு மலாய் சரளமாகப் பேச வந்ததே அதனால்தான். பாடநூல் மலாய் பரீட்சைக்கு உதவியது. கூடப் படித்த பையன்கள் பேசியது வேறு மாதிரி. அந்தக் கடைத்தெருப் பேச்சும் கிண்டலும் கிலா-கிலாவில்தான் கிடைத்தது. எங்கள் வீட்டுப் பக்கம் முடிவெட்டும் கடையில் தமிழ் வார இதழ்களோடு அதையும் போட்டு வைத்திருப்பார்கள். முடி வளராத நாளிலும் போய் உட்கார்ந்து படிப்பேன். கடைக்கார மாமா ஒருநாளும் விரட்டியதில்லை.

அண்மையில் மகளுக்கு எஸ்.பி.எம். தேர்வுப் பயிற்சி நூல் தேடிப் பினாங்கின் சௌரஸ்தா மார்க்கெட் மாடிக்குப் போனேன். பழைய புத்தகக் கடை ஒன்றில் கயிறு போட்டுக் கட்டிய கட்டு. மேலே கிலா-கிலா!

"மொத்தமா எடுத்துக்கங்க தம்பி, பிரிச்சுத் தர மாட்டேன்" என்றார் வயதான பாய். பேரம் பேசத் தோன்றவே இல்லை.

அன்றிரவு வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகும் படித்துக்கொண்டிருந்தேன். பின்னடித்த கம்பி துருப்பிடித்துத் தாளில் பழுப்பு இறங்கியிருந்தது. குறுக்கெழுத்துப் போட்டியை யாரோ பாதி நிரப்பி விட்டிருந்தார்கள். சிறு வயதில் நான் வசனத்தைப் படித்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவேன். இப்போது ஜாபார் தாயிப் வரைந்த காட்டு விலங்குகளை விட்டுக் கண் நகரவில்லை. புலியின் ரோமத்தை ஒவ்வோர் இழையாகப் பேனாவில் இழுத்திருக்கிறார். ஒரு சிரிப்புத் துணுக்குக்கு இவ்வளவு உழைப்பா! 1978இல் அவரும் கார்ட்டூனிஸ்ட் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய இதழ் அது. அமெரிக்காவின் மேட் இதழ்தான் முன்மாதிரி. ஆனால் உள்ளே இருப்பது முழுக்க நம் ஊர்: கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடு, காப்பிக்கடை, பஸ் நிறுத்தம், திருமணப் பந்தல். இதழின் மூத்த கார்ட்டூனிஸ்ட் ரெஜப்ஹாட் நம் பினாங்கில் பிறந்தவர் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரியவந்தது. தெரிந்ததும் ஏதோ சொந்தக்காரர் போல ஒரு பெருமை.

அந்தப் புத்தகக் கட்டுக்குள் என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது கார்ட்டூனிஸ்ட் உஜாங்கின் 'ஜிபாம்' தொடர். மனவளர்ச்சி குன்றிய ஒரு கம்பத்துப் பையனின் கதை. அப்போது அவன் சேட்டைகளுக்காகவே காத்திருப்போம். இப்போது அவனைச் சுற்றி இருப்பவர்களின் முகங்களைத்தான் பார்க்கிறேன். என் அக்காள் மகனும் இப்படிப்பட்ட பிள்ளை. கோயிலில், கல்யாண வீட்டில் அவனை ஆட்கள் பார்க்கும் பார்வை எனக்குப் பழக்கம். உஜாங் ஜிபாமைக் கேலிப்பொருளாக்கவில்லை. சிரிக்க வைத்துக்கொண்டே அவன் பக்கம் நிற்கிறார். நகைச்சுவை இதழில் இதைச் செய்ய அந்த இளம் வயதிலேயே அவருக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்க வேண்டும்! அக்காளுக்கு அந்தப் பக்கங்களைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவர் சிரித்தார், பிறகு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

என்னிடம் இருப்பவை விட்டு விட்டு இருக்கின்றன, தொடர் நடுவில் அறுந்துபோகிறது. 'ஜிபாம்' வந்த காலத்து இதழ்கள் வீட்டில் வைத்திருப்பவர்கள் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.