உதவி: டாப்வாட்டர் லூர் வேகமாக இழுத்தால் உருளுகிறது

பிஜன்கரை:
அண்ணைமார், கொஞ்சம் அவசரம். மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனுக்கு எறியும், நீர்மட்டத்தில் வால் சுழன்று வரும் லூர் (போலி இரை) ஒன்று வைத்திருக்கிறேன். மெதுவாக இழுத்தால் நல்லாக் குமிழ் அடித்து வருகிறது. வேகம் கூட்டினால் உடம்பும் சேர்ந்து உருண்டு, ஹூக் லீடரில் (லூருக்கு முன்னால் கட்டும் துண்டு) மாட்டுது, பிரெய்ட் நூலும் முறுக்கிக்கொள்ளுது. வால் தகட்டை எந்தப் பக்கம் வளைக்க வேண்டும்? இரவு ஏரிக்குப் போகிறோம்.

ஈரக்கயிறு:
எத்தனை அங்குலம்? மரமா பிளாஸ்டிக்கா? லீடர் என்ன, எவ்வளவு நீளம்? ஹூக் லூரோடு வந்ததா, மாற்றினீர்களா? இதெல்லாம் தெரியாமல் தகட்டில் கை வைக்கச் சொல்ல மாட்டேன்.

தூண்டில்முனை:
மூக்கில் இருக்கும் கம்பி வளையத்தைக் குறட்டால் எதிர்ப்பக்கம் துளி வளையுங்கள். என் லூர் எல்லாம் அப்படித்தான் சரியாகியிருக்கின்றன.

பழையபடகு:
அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும் டைவிங் லூருக்கான (தண்ணீருக்குள் மூழ்கி வருவது) வைத்தியம். உருளும் லூருக்கு அதைச் சொன்னால் இரண்டாவது கோளாறும் சேரும். இதை இங்கே எத்தனை தரம் எழுதியாகிவிட்டது, பழைய இழைகளைத் தேடிப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. வால் ஒரு பக்கம் சுழன்றால், உடம்பைத் தண்ணீர் மறுபக்கம் திருப்பப் பார்க்கும். அதைத் தடுப்பது வயிற்றுப் பாரம் மட்டும்தான். பாரம் போதாவிட்டால் வேகத்தில் தோற்கும். அடிப்படை தெரிந்துகொண்டு கேள்வி கேளுங்கள் தம்பி.

கெண்டைவால்:
நல்ல பால்பேரிங் ஸ்விவல் (சுழலும் இணைப்பு) போட்டால் முடிந்தது. எல்லாம் முறுக்குப் பிரச்சினைதான்.

ஈரக்கயிறு:
ஸ்விவல் நூல் முறுக்கைக் குறைக்கும், உருளலை நிறுத்தாது. லூர் அப்படியே உருண்டுகொண்டுதான் வரும்.

பிஜன்கரை:
மரம், 8 அங்குலம். லீடர் வயர், ஓரடி இருக்கும். ஹூக் போன வருடம் மாற்றினேன், பழையது துருப்பிடித்துவிட்டது.

ஈரக்கயிறு:
பழையது எந்த சைஸ், இப்போது எந்த சைஸ்? வயிற்று ஹூக்கைத்தான் முதலில் கேட்கிறேன். இந்த வகை லூருக்கு அந்த ஹூக் மீனைப் பிடிக்க மட்டும் இல்லை, அடிப்பாரமே அதுதான். 5/0 இருந்த இடத்தில் மெல்லிய கம்பியில் அதைவிடச் சிறிய 3/0 போட்டிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

வீட்டிலேயே பார்க்கலாம். பாத் டப்பில் தண்ணீர் நிரப்பி லூரை விடுங்கள். விரலால் பக்கவாட்டில் சாய்த்துக் கையை எடுங்கள். உடனே நிமிர்ந்தால் பாரம் சரி. சோம்பலாக நிமிர்ந்தாலோ சரிந்தே கிடந்தாலோ, வயிற்று ஹூக்கின் தண்டில் ஈயம் கலக்காத சால்டர் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிப் பாருங்கள். அதிகம் சுற்றினால் பின்பக்கம் தாழ்ந்து குமிழ்ச் சத்தம் செத்துப்போகும், அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்.

நாணல்:
ஒரு கேள்வி, வால் கீச்சிடுகிறதா?

பிஜன்கரை:
ஓம் அண்ணை, நல்லாக் கீச்சிடுது. அது நல்லது என்றுதானே சொல்வார்கள்?

நாணல்:
மஸ்கி அந்தச் சத்தத்துக்கு வரும் என்று நம்புகிறவர்கள் கனபேர், நானும் கீச்சிடும் லூரை ஒதுக்க மாட்டேன். ஆனால் கையில் பிடித்து வாலைச் சுண்டினால் நாலைந்து சுற்றாவது தடையில்லாமல் போக வேண்டும். தடக்கென்று நின்றால் உராய்வு அதிகம். டிரில் பிட் சுவரில் சிக்கினால் மெஷின் நம் கையைத் திருப்புமே, அதே கதை: வால் திரும்ப மறுத்தால் உடம்பு திரும்பும். தண்டில் பழைய பிரெய்ட், களை நார் ஏதாவது சுற்றியிருக்கிறதா பாருங்கள். வாலுக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் சிறு மணி தேய்ந்திருக்கலாம். தண்டு நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள், படகில் ஒருமுறை மோதினாலே வளைந்துவிடும்.

பழையபடகு:
நாணல் சொல்வது சரி. தகடு கடைசி வேலை. வளைவு கூடினால் மெதுவான இழுப்பிலேயே வால் பிடிக்கும், கூடவே முறுக்கும் விசையும் கூடும். தட்டையாக்கினால் வேகம் தாங்கும், சத்தம் மெலியும். அலுமினியத்தை முன்னும் பின்னும் வளைத்தால் முறிந்துவிடும், ஒரே தரத்தில் துளியாக வளையுங்கள்.

செமொங்காரர்:
தம்பி, அதை விடுங்கள். இந்த வெயிலில் தண்ணீர் என்ன சூடு? 80 பாரன்ஹைட், அதாவது 27 செல்சியஸ் தொட்டால் மஸ்கிக்குப் போகவே கூடாது. நீந்திப் போகும் மீன் பிறகு சாகும், நீங்கள் பார்க்க மாட்டீர்கள்.

தூண்டில்முனை:
அவர் இரவில்தானே போகிறார். சூடு இறங்கிவிடும்.

செமொங்காரர்:
காற்றுக் குளிரும், ஏரி அவ்வளவு சீக்கிரம் குளிராது. பிஜன், செமொங் மாதிரி ஆழம் குறைந்த களை ஏரிகளில் தண்ணீரின் சூடு ஆகக் குறைவது விடியும் நேரத்தில்தான்.

தூண்டில்முனை:
அப்போ விடியலில் போகட்டும்.

செமொங்காரர்:
அடர்ந்த களைக்குள் ஆக்சிஜனும் ஆகக் குறைவது அந்நேரம்தான். இரவு முழுக்கச் செடியும் சுவாசிக்கிறது, வெளிச்சம் வந்தால்தான் திரும்பத் தரும். எந்தப் பக்கம் திருப்பினாலும் சூடான ஏரியில் பெரிய மீனைக் களைக்க வைப்பது சரியில்லை. ஜூனிலும் செப்டெம்பரிலும் பிடிக்க நாள் இல்லையா?

கெண்டைவால்:
அப்படிப் பார்த்தால் ஜூலை, ஆகஸ்ட்டில் ஒருவரும் டாப்வாட்டர் எறிய முடியாதே. மீனை வலையிலேயே தண்ணீருக்குள் வைத்து, போல்ட் கட்டரால் ஹூக்கை வெட்டிவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. நான் தூக்கிப் படம் எடுப்பதே இல்லை.

செமொங்காரர்:
அது எந்த மாதத்திலும் செய்ய வேண்டியது. சூட்டுக்கு மருந்து அல்ல. மீன் களைத்துப் போவது வலைக்கு வரும் முன்பே.

ஈரக்கயிறு:
இதற்குத் தனி இழை திறங்கள், நானும் வருகிறேன். பிஜன்கரை, டப்பில் பார்த்தீர்களா? அந்த ஓரடி வயரையும் கவனியுங்கள், பாரமான லீடர் என்றால் மெதுவான இழுப்பில் மூக்கை அமுக்கும்.

பிஜன்கரை:
தண்டில் நூல் சுற்றியிருந்தது, எடுத்தேன். கம்பியும் சுற்றினேன். படகுத்துறையிலிருந்து எறிந்து பார்த்தோம், வேகத்திலும் உருளவில்லை. கீச் இன்னும் இருக்கு. நன்றி அண்ணைமார்.

நாணல்:
எத்தனை சுற்று? ஹூக் சைஸ் என்ன? எனக்கும் இதே மாதிரி ஒன்று கிடக்கிறது.

செமொங்காரர்:
தண்ணீர் சூட்டைச் சொல்லவே இல்லையே?