தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் அப்ஸ்ட்ராக்ட் மெத்தடை அழைத்தால் பிழை வருவது ஏன்?

கேள்வி:

ஜாவாவில் விற்பனை அறிக்கை தயாரிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். சிஎஸ்வி, எச்டிஎம்எல், பிடிஎஃப் என்று வடிவங்கள் கூடக் கூட இஃப்-எல்ஸ் வரிசை நீண்டுகொண்டே போனதால், ‘அறிக்கை’ என்ற அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை அமைத்து, தலைப்பு, வரி, அடிக்குறிப்பு ஆகியவற்றை எழுதும் மூன்று மெத்தடுகளையும் அப்ஸ்ட்ராக்டாக (பெயர் மட்டும், உள்ளடக்கம் இல்லாமல்) விட்டு, வடிவத்துக்கு ஒரு துணை கிளாஸ் எழுதினேன். ஆப்ஜெக்ட் உருவாகும்போதே தலைப்பும் எழுதப்பட்டுவிடட்டும் என்று, அந்த மெத்தடைத் தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரிலேயே அழைத்தேன். சிஎஸ்வி கிளாஸில் பத்திப் பெயர்களின் பட்டியலுக்கு அறிவிக்கும் இடத்திலேயே மதிப்புக் கொடுத்திருந்தும், நல்பாயின்டர் எக்செப்ஷன் (மதிப்பு இன்னும் அமையாத மாறியைப் பயன்படுத்தும்போது எழும் பிழை) வருகிறது. காரணம் என்ன?

பதில் 1:

ஜாவாவில் தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் முழுவதும் ஓடி முடிந்த பிறகே துணை கிளாஸின் மாறிகள் தமக்குரிய மதிப்பைப் பெறுகின்றன. ஆனால் மெத்தட் அழைப்போ, ஆப்ஜெக்டின் உண்மையான வகையைப் பார்த்து, தொடக்கத்திலிருந்தே துணை கிளாஸுக்குப் போய்விடுகிறது. ஆகவே உங்கள் சிஎஸ்வி மெத்தட், பட்டியல் உருவாகும் முன்பே ஓடுகிறது. பட்டியலுக்குப் பதில், ஃபைனல் (பின்னர் மாற்ற முடியாதது) என்று அறிவித்து நேரடியாக மதிப்புக் கொடுத்த ஒரு ஸ்ட்ரிங் அங்கே இருந்திருந்தால், கம்பைலர் அம்மதிப்பைப் பயன்படும் இடத்திலேயே பதித்துவிடும் என்பதால், பிழை வெளியே தெரியாமலே இருந்திருக்கும். அது இன்னும் மோசம்.

கன்ஸ்ட்ரக்டரில் அந்த அழைப்பை எடுத்துவிடுங்கள். தாய் கிளாஸில் ‘தயாரி’ என்ற ஃபைனல் மெத்தட் (துணை கிளாஸ் மாற்றி எழுத முடியாதது) ஒன்றை வைத்து, முதலில் தலைப்பு, பிறகு ஒவ்வொரு வரி, இறுதியில் அடிக்குறிப்பு என்ற ஒழுங்கை அதற்குள் ஒரே முறை எழுதுங்கள். அழைக்கும் நிரலுக்கு ‘அறிக்கை’ என்ற வகை மட்டும் தெரிந்தால் போதும். பாடநூல்கள் பல்லுருவாக்கம் என்று சொல்லும் பாலிமார்பிசத்தின் (ஒரே அழைப்பு ஆப்ஜெக்டின் வகைக்கேற்ப வெவ்வேறாக இயங்குவதன்) பயன் இங்கேதான் கைக்கு வருகிறது.

பைட்டுகளைப் படிக்க உதவும் ஜாவாவின் இன்புட்ஸ்ட்ரீம் கிளாஸ் இப்படித்தான் அமைந்திருக்கிறது. ஒரு பைட்டைப் படிக்கும் ரீட் மெத்தட் ஒன்றே அதில் அப்ஸ்ட்ராக்ட். அர்ரே முழுவதும் படிக்கும் மெத்தட் அதையே திரும்பத் திரும்ப அழைக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. துணை கிளாஸ் ரீட் மெத்தடை மட்டும் எழுதினால் போதும், அர்ரே மெத்தட் இலவசமாகக் கிடைக்கும்.

பதில் 2:

இலவசமாகக் கிடைப்பது மெதுவாகவும் இருக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். கோப்பிலிருந்து பைட் பைட்டாகப் படிப்பது கட்டுப்படியாகாது என்பதால், அதன் துணை கிளாஸான ஃபைல்இன்புட்ஸ்ட்ரீம் அந்த அர்ரே மெத்தடையும் தானே மாற்றி எழுதிக்கொள்கிறது. எனவே எதையெல்லாம் ஃபைனல் என்று பூட்டுகிறோம் என்பதில் நிதானம் வேண்டும்; ‘தயாரி’ மெத்தடைப் பூட்டுவதில் எனக்கு மறுப்பில்லை.

2014-ல் வந்த ஜாவா 8 முதல் இன்டர்ஃபேஸிலும் (ஒரு கிளாஸ் தர வேண்டிய மெத்தடுகளின் பட்டியல்) டிஃபால்ட் மெத்தடுகள், அதாவது உள்ளடக்கத்தோடு கூடிய மெத்தடுகள், எழுத முடிகிறது. ஆயினும் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் உரிய மாறியை இன்டர்ஃபேஸ் வைத்துக்கொள்ள இயலாது. எங்கே எழுதுவது என்ற விவரத்தை எல்லா அறிக்கைகளும் தம்முள் வைத்திருக்க வேண்டுமானால், அப்ஸ்ட்ராக்ட் கிளாஸே பொருத்தம். ஒரு கிளாஸுக்கு ஒரே தாய்தான் என்பதால், அந்த இடத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்று யோசித்துக் கொடுங்கள்.

கேட்டவர்:

மாற்றிவிட்டேன், பிழை நீங்கியது, இருவருக்கும் நன்றி. சிஎஸ்விக்கு அடிக்குறிப்பே கிடையாது என்பதால் அந்த கிளாஸில் ஒரு வெற்று மெத்தட் எழுத வேண்டியிருக்கிறது. இது முறையா?

பதில் 1:

அந்த வெற்று மெத்தடைத் தாய் கிளாஸுக்கு ஏற்றி, அடிக்குறிப்பின் அப்ஸ்ட்ராக்ட் அடையாளத்தை நீக்கிவிடுங்கள். தேவைப்படும் பிடிஎஃபும் எச்டிஎம்எல்லும் மாற்றி எழுதிக்கொள்ளும். சிஎஸ்வி அதைத் தொடவே வேண்டாம்.