கேஸ் கீசர் பற்றிக்கொண்ட உடனே அணைந்துவிடுகிறது, பச்சைத் தண்ணீர்தான் வருகிறது

காட்பாடி மருமகள்:
வணக்கம். காந்தி நகர் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டோடு வந்த கேஸ் கீசர், சிலிண்டரில் ஓடுவது, பாத்ரூம் சுவரிலேயே மாட்டியிருக்கிறது. மார்கழி பிறந்ததிலிருந்து தொல்லை கொடுக்கிறது. குழாயைத் திறந்தால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, குப்பென்று பற்றிக்கொள்கிறது, சில நொடிதான், அணைந்துவிடுகிறது. மூடித் திறந்தால் மறுபடி அதேதான். வேலூர் என்றாலே வெயில்தான் என்று வெளியூரில் பேசுவார்கள், ஆனால் இந்த மாதத்து விடியற்காலைக் குளிர் எங்களுக்குத்தான் தெரியும். மாமனார் மூட்டுவலிக்காரர், விடிவதற்கு முன்பே குளித்துவிட்டுப் பூஜைக்கு உட்காருபவர், அவருக்காகத் தினமும் அடுப்பில் அண்டா வைத்துத் தண்ணீர் காய்ச்சுகிறேன்.

பேட்டரி புதிதாகப் போட்டாயிற்று. சிலிண்டரும் புதுசு, அடுப்பு நன்றாக எரிகிறது. வந்து பார்த்த ப்ளம்பர், சென்சார் வீக் ஆகிவிட்டது, ஒயரை டைரக்டாகச் சேர்த்துவிட்டால் அணையவே அணையாது என்கிறார். செய்யலாமா?

சத்துவாச்சாரி சர்வீஸ்காரர்:
வேண்டாம் அம்மா. அந்த ஒயர் மேல் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

கீசர் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்களுக்கே புரியும். குழாயைத் திறந்ததும் தண்ணீர் அழுத்தம் உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வாஷரைத் தள்ளும், அது ஒரு சின்ன சுவிட்சைத் தட்டும், கன்ட்ரோல் பெட்டி ஸ்பார்க் கொடுத்துக்கொண்டே கேஸ் வால்வைத் திறக்கும். பர்னர் பற்றியதும் அதன் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கம்பி, உங்கள் ப்ளம்பர் சொன்ன சென்சார் இதுதான், நெருப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருக்கிறது என்று அது சொன்னால்தான் வால்வு திறந்தபடி நிற்கும், இல்லையென்றால் சில நொடிகளில் மூடிவிடும். உங்கள் கீசரில் டிக் டிக் வருகிறது, அதனால் தண்ணீர் அழுத்தம் சுவிட்சைத் தட்டுகிறது, பேட்டரி சரி. பற்றுகிறது, அதனால் கேஸ் வருகிறது. நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. பெரும்பாலும் அந்தக் கம்பியில் கரி படிந்திருக்கும், அல்லது அதன் ஒயர் முனை ஈரத்தில் பச்சை பூத்துப்போயிருக்கும். சிலிண்டரை மூடி, பேட்டரியைக் கழற்றி, ஆறிய பிறகு முன் மூடியை எடுத்துப் பொடி உப்புத்தாளால் கம்பியை லேசாகத் தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும். பழக்கம் இல்லையென்றால் கீசர் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள், ப்ளம்பர் வேண்டாம்.

அந்தக் கம்பியை ஏமாற்றினால் முடிவு ஒன்றுதான். நெருப்பு அணைந்த பிறகும் கேஸ் வந்துகொண்டிருக்கும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோடு தேங்கும். மூடிய பாத்ரூமில் அது என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று சொல்லுங்கள், நெருப்பு நீலமாக எரிகிறதா, மஞ்சளாகவா?

பாகாயம் வாசி:
சர்வீஸ்காரர் சொன்னதோடு தண்ணீரையும் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் பற்றி அணைந்தது, காரணம் கம்பி இல்லை. மாடி டேங்கிலிருந்து கீசர் எவ்வளவு கீழே இருக்கிறது? ஒரு மீட்டர் உயரத்துக்கு சுமார் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும், மாடி வீட்டுக்காரர்களுக்கு டேங்க் தலைக்கு மேலேயே இருப்பதால் அழுத்தம் விளிம்பில் நிற்கும். அடுக்களைக் குழாயை யாராவது திறந்தால் போதும், கீசர் அணைந்துவிடும். அதோடு நம்ம ஊர் போர் தண்ணீரின் உப்பு. கீசருக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சல்லடை இருக்கும், அதில் உப்பும் மண்ணும் கட்டிக்கொள்ளும். கழற்றி வினிகரில் ஊறப்போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் புதுசு மாதிரி ஆகிவிடும். நெருப்பு திகுதிகுவென்று எரிந்தும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்றால் செம்புக் குழாய்க்கு உள்ளேயே உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம், ஆனால் உங்களுக்கு அது இல்லை போலிருக்கிறது.

டொராண்டோவில் ஒரு குடியாத்தத்துக்காரன்:
இங்கே வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸிலும் இதே கம்பிதான். பனிக்காலத்தில் திடீரென்று குளிர்காற்று ஊத ஆரம்பிக்கும். நெருப்பு பற்றும், கம்பி கரிபிடித்திருப்பதால் கேஸ் மூடிவிடும், ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். நெருப்பு இருப்பதைக் காட்ட அந்தக் கம்பியிலிருந்து நெருப்பு வழியாகப் பாயும் மின்சாரம் சில மைக்ரோ ஆம்பியர்தான், அதனால் மெல்லிய கரிப்படலமே அதைத் தடுத்துவிடும். ஏர் ஃபில்டர் அடைத்தாலும் உள்ளே சூடு மீறி ஒரு சுவிட்ச் நெருப்பை நிறுத்திவிடும், ஃபேன் நிற்காது, அப்போதும் குளிர்காற்றுதான். இங்கே யாரும் அந்த சுவிட்சைத் தாண்டி ஒயர் போடச் சொல்ல மாட்டார்கள். ஏன் நிறுத்தியது என்றுதான் தேடுவார்கள். உங்கள் கம்பியில் கரி என்றால், அந்தக் கரி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள் அக்கா.

காட்பாடி மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. நெருப்பு பாதி மஞ்சளாகத்தான் எரிகிறது, இன்று கவனித்துப் பார்த்தேன். கீழ்வீடுதான், டேங்க் நல்ல உயரத்தில் இருக்கிறது. அடுக்களைக் குழாய் மூடியிருந்தாலும் அணைகிறது. குளிர் என்று பாத்ரூம் ஜன்னலில் மாமனார் அட்டை வைத்து அடைத்திருக்கிறார், அதனால் ஏதாவது இருக்குமா?

தோட்டப்பாளையம் நர்ஸ்:
இருக்கும் அக்கா, அதுதான் விஷயமே. ஒன்று மட்டும் முதலில் சொல்லுங்கள், குளித்துவிட்டு வரும்போது மாமனாருக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஏதாவது இருந்ததா?

காற்று போதாமல் எரிந்தால்தான் நெருப்பு மஞ்சளாகும், கரி கக்கும், கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சிலிண்டர் கேஸில் நாற்றத்துக்கென்று மருந்து கலந்திருப்பதால் கசிந்தால் மூக்குக்குத் தெரியும், இதற்கு அதுவும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற வேண்டிய இடத்தை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருப்பவருக்குக் கை கால் துவண்டுபோகும், தாழ்ப்பாளைத் திறக்கவே தெம்பு இருக்காது. வயதானவர்களைத்தான் சீக்கிரம் சாய்க்கும். தயவுசெய்து இன்றே அட்டையை எடுத்துவிடுங்கள், கீசர் வெளியே போகும்வரை அதைத் தொடவே வேண்டாம், அண்டாத் தண்ணீரே இருக்கட்டும்.

காட்பாடி மருமகள்:
உடம்பெல்லாம் பதறிவிட்டது அக்கா. போன வாரம் குளித்துவிட்டு வந்தவர் தலை சுற்றுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விரதம் இருந்த நாள், வெறும் வயிறு என்று நினைத்து மோர் கொடுத்தேன். அட்டையை எடுத்தாயிற்று, சிலிண்டரையும் மூடிவிட்டேன். வீட்டுக்காரரிடம் இந்தப் பதில்களைக் காட்டினேன், பின்பக்கத் தாழ்வாரத்தில் மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். அங்கே துவைக்கிற கல் பக்கத்தில் மேலே ஷீட் போட்டிருக்கிறது, பக்கம் திறந்திருக்கிறது. சரிப்படுமா?

தோட்டப்பாளையம் நர்ஸ்:
நல்ல வேளை. ஆனாலும் அவரை ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், கேஸ் கீசர் போட்டுக் குளித்த பிறகு வந்த தலைசுற்றல் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லவில்லை என்றால் பிரஷர், சுகர் என்று வேறு பக்கம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சத்துவாச்சாரி சர்வீஸ்காரர்:
மஞ்சள், அடைத்த ஜன்னல், கரி, எல்லாம் ஒரே கோட்டில் வந்துவிட்டது பாருங்கள். கம்பியை மட்டும் தேய்த்துவிட்டு அதே இடத்தில் விட்டிருந்தால் நன்றாக எரிந்துகொண்டே விஷம் கக்கியிருக்கும்.

தாழ்வாரம் சரியான இடம். சாரல் நேராக அடிக்காத மூலையாகப் பாருங்கள், காற்று நெருப்பை அணைக்காமலும் இருக்க வேண்டும். மாற்றுவதற்கு முன்பே மேலே இருக்கும் செம்புத் தகடுகளைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அது அடைத்திருந்தால் வெளியே மாட்டினாலும் மஞ்சளாகத்தான் எரியும். பர்னர் துளைகளில் சிலந்தி கூடு கட்டும், அதையும் ஊதிவிடட்டும். அங்கிருந்து பாத்ரூமுக்குச் சுடுதண்ணீர் தாங்கும் பைப் போட வேண்டும், சாதாரண வெள்ளை பிவிசி பைப் சூட்டில் வளைந்துவிடும். பைப்பில் நின்ற தண்ணீர் முதலில் குளிர்ந்துதான் வரும், அதைப் பார்த்துக் கோளாறு என்று நினைக்காதீர்கள். ரப்பர் டியூப் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக இருக்கட்டும், ஐந்து வருடத்துக்கு மேல் பழையது என்றால் இதோடு மாற்றிவிடுங்கள். எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்காமல் ஆளை அனுப்பாதீர்கள். எப்போதாவது கேஸ் நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள்.